ஒட்சிசனோடு வீட்டுக்குப் போன பிள்ளைகள்

நான் வேலை செய்த குழந்தைகள் வார்டில் இப்போது பொறுப்பாக இருக்கும் நர்ஸ் பிள்ளை சென்ற மாதம் தொலைபேசி எடுத்தாள். குறைமாதத்தில் பிறந்து வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் மூச்சையும் ஒட்சிசன் அளவையும் இனி ஆஸ்பத்திரியில் இருந்தபடியே திரையில் பார்க்கப் போகிறார்களாம். தாயின் கைத்தொலைபேசியிலிருந்து விபரம் தானாக வந்துவிடுமாம். "அந்த நாளில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? புதிதாக வந்தவர்களுக்கு ஒருக்கா வந்து சொல்லுங்கள்" என்று கேட்டாள். போனேன். தேநீர் இடைவேளைக்கு முன் சொல்லி முடிக்கக்கூடியதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டது வீட்டுக்கு வந்த பிறகும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து நர்சிங் படிக்க லண்டனுக்கு வந்தவள் நான். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர், நித்திரைக் குறைவு, கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கும் விதம், என் பெயரைச் சரியாகச் சொல்ல முயன்று கைவிட்ட சிஸ்டர்மார். பிள்ளைப்பேற்று வார்டில் இருந்தபோது ஒருநாள் ஆள் போதாதென்று குறைமாதக் குழந்தைகளின் அறைக்கு அனுப்பினார்கள். கையளவு குழந்தைகள், கண்ணாடிப் பெட்டிக்குள். ஏழு நாள், ஒரு கிழமைக்கென்று போனவள் அங்கேயே தங்கிவிட்டேன். கலியாணம் முடித்து, இல்ஃபோர்ட் பக்கம் குடிவந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் அதே அறைக்குத்தான் திரும்பி வந்தேன்.

எண்பதுகளில் அந்த அறை மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் தப்பாது என்று நாங்களே மனதுக்குள் கைவிட்டுவிடும் குழந்தைகள் தப்பத் தொடங்கின. ஆனால் மாதக்கணக்காக மூச்சு இயந்திரத்தில் கிடந்த சுவாசப்பைக்கு ஒரு தழும்பு இருக்கும். இயந்திரத்தைக் கழற்றிய பிறகும் மூக்கில் ஒரு மெல்லிய குழாயால் கொஞ்சம் ஒட்சிசன் வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்காக நல்ல பிள்ளைகள் மாதக்கணக்கில் வார்டிலேயே கிடந்தார்கள். முதல் சிரிப்பை இரவு நர்சுக்குச் சிரித்த குழந்தைகள் இருந்தார்கள். தாய் பார்க்கும் நேரத்துக்கு வந்து, பார்த்துவிட்டுப் போவாள்.

எங்கள் பெரிய டொக்டர் ஒருவர், ஹேல் என்று பெயர், மெதுவாகப் பேசும் மனிதர். "ஒட்சிசன்தானே வேண்டும், அதை வீட்டிலும் கொடுக்கலாமே" என்று தொடங்கியவர் அவர்தான். வீட்டுக்குப் போகும் குழந்தைகளைத் தேடிப்போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பு எங்கள் வார்டின் மூத்த நர்ஸ் சிஸ்டர் டோலனுக்குப் போனது. சிஸ்டர் டோலன் தனக்கு உதவிக்கு என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிழமையில் பாதி வார்டில், மீதி தெருவில் என்று என் வேலை அமைந்தது.

சிஸ்டர் டோலனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்தவர். உயரமான, எலும்பான மனுஷி. கலியாணம் செய்யவில்லை. கார் ஓட்டத் தெரியும் என்று நம்பியிருந்தார். யாரையும் புகழமாட்டார். நல்ல வேலை செய்தால் "சரி, அப்படியா" என்பார். பிழையான வேலைக்கும் அதே சொல்தான். தொனியில் பிடிக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் கோட்டைக் கழற்றுவார். கை கழுவ இடம் கேட்பார். கழுவிய கையை இரண்டு அக்குளுக்குள்ளும் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு அந்த அறையில் இருப்பதிலேயே உயரம் குறைந்த, பதிவான கதிரையைப் பார்த்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். தாய்க்கு அது சங்கடமாக இருக்கும். எனக்கும் ஆரம்பத்தில் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் சும்மா இருக்கவில்லை என்று பின்னால் விளங்கியது. குழந்தையின் சட்டையைத் தாயைக்கொண்டே விலக்கச் செய்து, விலா எலும்புக்குக் கீழே மூச்சோடு பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பார். மூக்கு விரிகிறதா, உதட்டைச் சுற்றி நிறம் எப்படி, பால் குடிக்கும்போது நெற்றி வேர்க்கிறதா என்று பார்ப்பார். நிறுப்பதற்கு ஒரு தராசைப் பையில் கொண்டு போவோம். பாலுக்கு முன்னால், உடுப்பு ஒன்றும் இல்லாமல், எப்போதும் அதே தராசில். தராசில் குழந்தையைக் கிடத்துவதும் எடுப்பதும் தாயின் வேலை. நாங்கள் தொடக்கூடாது.

"வார்டில் எங்கள் கை முந்தும். அவர்களின் வீட்டில் அவர்களின் கைதான் முந்த வேண்டும்" என்பார். "உனக்கு அழுகை வந்தால் காருக்குள் போய் அழு" என்பதும் அவர் சொன்னதுதான். ஒரு பனிக்காலத்தில் எங்கள் குழந்தை ஒன்று வீட்டுக்குப் போய் இரண்டு கிழமையில் இறந்துபோனது. அடக்கம் முடிந்து நான் பஸ்ஸுக்கு நடந்தபோது அவருடைய கார் வீதியோரமாக நின்றது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் போய்விட்டேன்.

வீடுகளில் கண்டதையெல்லாம் எழுத ஏலாது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். பத்தொன்பது வயது வெள்ளைக்காரப் பெண், கணவன் இல்லை, தகப்பனோடு இருந்தாள். குழந்தைக்கு டேனி என்று பெயர். டெரி என்ற அந்தத் தகப்பன் முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாயிலிருந்து சிகரெட்டை எடுக்காமலே பேசப் பழகிய ஆள். ஒட்சிசன் சிலிண்டர் இருக்கும் வீட்டில் நெருப்பு ஆகாது. சமையல் அடுப்பிலிருந்து தள்ளி, சுவரோடு கட்டி வைக்க வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க அவர் என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து வீதிகளில் என் நிறத்துக்கு அப்படிப் பார்வை கிடைப்பது வழக்கம். பேசாமல் எழும்பி வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை போனபோது மழை. டெரி கேற்றடியில் ஒரு பழைய மீன்பிடிக் குடைக்குக் கீழே, மடக்குக் கதிரை போட்டு, புகைத்துக்கொண்டிருந்தார். "உள்ளே போ அம்மா, அவன் முழித்திருக்கிறான்" என்றார். அந்தப் பனிக்காலம் முழுக்க அந்தக் கதிரை அங்கேயே இருந்தது. உள்ளே வரும்போது புகைபிடித்த சட்டையைக் கழற்றிக் கதவடியில் கொழுவிவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் பேரனைத் தூக்குவார். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. டேனி நன்றாக வளர்ந்தான்.

இனி வதனியின் கதைக்கு வருகிறேன்.

வதனி இல்ஃபோர்டுக்குப் பக்கத்தில், குட்மேய்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தாள். யாழ்ப்பாணத்து அளவெட்டிப் பிள்ளை. அகதியாக வந்தவர்கள். கணவன் குகனுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. லண்டனில் இருவருக்கும் சொந்தமென்று ஒருவரும் இல்லை. ஏழாம் மாதம் தொடங்க முன்னரே அவளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவள் ஒரு கிழமைகூட இருக்கவில்லை. இரண்டாவது குழந்தை நெடுநாள் இயந்திரத்தில் கிடந்து, தப்பி, ஒட்சிசனோடு வீட்டுக்குப் போகத் தயாரானாள்.

அந்தக் குடும்பத்தை என்னிடம் கொடுக்கச் சிஸ்டர் டோலனுக்கு விருப்பமில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"என்னைத் தவிர இங்கே தமிழ் பேச யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்குப் பயம். நீ அவர்களுக்குச் சொந்தக்காரி ஆகிவிடுவாய். குழந்தையை உன் கையில் தந்துவிட்டு அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்."

கடைசியில் விட்டுக்கொடுத்தார். இடைக்கிடை தானும் கூட வருவேன் என்ற நிபந்தனையோடு.

வதனியின் அறையைப் போல் சுத்தமான அறையை நான் கண்டதில்லை. போத்தல்கள் அவித்து வரிசையாகக் கவிழ்த்திருக்கும். மூக்குக் குழாய் ஒட்டும் பிளாஸ்திரி, கன்னத்துத் தோலைக் காக்க அதற்குக் கீழே வைக்கும் மெல்லிய பட்டை, இரும்புச்சத்து மருந்து, விற்றமின் துளி எல்லாம் தட்டில் ஒழுங்காக இருக்கும். நான் சொன்னதில் ஒன்றும் தவறாது. ஆனால் குழந்தை நிறையில் ஏறவில்லை. ஒரு கிழமை கொஞ்சம் ஏறும், மறுகிழமை அப்படியே நிற்கும்.

ஊரில் நர்சை மிஸி என்றுதானே கூப்பிடுவோம். வதனியும் அப்படித்தான்.

"மிஸி, தூக்கலாமோ?"

"உங்கட பிள்ளையைத் தூக்கிறதுக்கு என்னை ஏன் கேக்கிறீங்கள்?"

"இல்லை மிஸி, மூச்சு கெதியா எடுக்கிற மாதிரிக் கிடக்கு. அதுதான்."

மூச்சின் வேகத்தை நான் பார்ப்பேன். "ஒண்டும் இல்லை, தூக்குங்கோ" என்பேன். தூக்குவாள். பாலைப் பற்றிக் கேட்டால், "இண்டைக்கு உங்கட ஆள் பாதிப் பாலை விட்டிட்டா" என்பாள். நான் அதை விளையாட்டுக்குச் சொல்லும் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டர் டோலன் கூட வந்த ஒருநாள் வழக்கம்போல் பதிந்த கதிரையில் இருந்தார். நானும் வதனியும் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தோம். திரும்பும்போது காரில் கேட்டார்:

"அந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?"

"ஆரணி. தகப்பன் பதிந்திருக்கிறார்."

"நீங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசினீர்கள். அந்தச் சொல் என் காதில் ஒருதரமும் விழவில்லை. தாய் அவளை என்னவென்று கூப்பிடுகிறாள்?"

யோசித்துப் பார்த்தேன். வார்டில் பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையில் இரட்டையரில் இரண்டாவது என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து இவ்வளவு நாளாகியும் வதனி அவளை "ரெண்டாவது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெண்டாவது நித்திரை. ரெண்டாவது குடிச்ச பாலைச் சத்தி எடுத்தவ. எனக்கு அது காதில் பட்டுப் பட்டுப் பழகிவிட்டது.

"தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் உன் முகத்தைப் பார்க்கிறாள்" என்றார் சிஸ்டர் டோலன். பிறகு சிவப்பு விளக்கில் நிறுத்தாமல் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மாதக் கிளினிக்கில் டொக்டர் ஹேல் நிறையைப் பார்த்தார். வதனிக்கு முன்னால் குந்தி இருந்து, நான் மொழிபெயர்க்க, மெதுவாகச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். ஏறாவிட்டால் திரும்பவும் வார்டில் வைத்துக் குழாயால் பால் கொடுக்க வேண்டி வரும். தாய் உடைந்துபோவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அங்க எண்டால் பாதுகாப்பு. கொண்டு போங்கோ மிஸி. இப்பவே எண்டாலும் சரி."

குகன் திடுக்கிட்டுப் போனார். "என்னப்பா கதைக்கிறீர்? வீட்டை வந்த பிள்ளையைத் திருப்பிக் குடுக்கிறதோ?"

"குடுக்கேல்லை. அவை பார்ப்பினம்."

குகன் என்னைப் பார்த்தார். அந்த மனிதனின் கண்கள் கலங்கியிருந்தன. இரவு ஷிப்ட் முடித்து நித்திரை இல்லாமல் நேரே கிளினிக்குக்கு வந்திருந்தார். "அக்கா, ஒண்டு போயிட்டுது. இதையும் விட்டால் நாங்கள் என்னத்துக்கு இஞ்ச வந்தனாங்கள்?" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு குழந்தை திரும்புவது பெரிய விஷயமில்லை, எத்தனையோ குழந்தைகள் திரும்பி வந்து போயிருக்கின்றன. ஆனால் இவள் திரும்பினால் தாய் இரண்டாம் முறை அவளை வீட்டுக்குக் கூட்டிப் போவாளா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதைச் சிஸ்டர் டோலனிடம் சொன்னேன்.

அவர் என் தராசுப் பையைக் காட்டினார். "இந்தக் கிழமை தராசைக் கொண்டு போகாதே. அந்த வீட்டில் அது பரீட்சை மாதிரி ஆகிவிட்டது."

"நிறுக்காமல் எப்படி? டொக்டர் கேட்டால்?"

"என்னைக் கேட்கச் சொல். நீ போய் இரு."

போனேன். வெறுங்கையோடு வந்த என்னை வதனி மேலும் கீழும் பார்த்தாள்.

"தராசு எங்க மிஸி?"

"கொண்டு வரேல்லை."

"அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"தேத்தண்ணி தருவீங்களோ?"

தேநீருக்குக் கேத்தலைப் போட்டாள். குழந்தை நித்திரை. ஜன்னலுக்குப் பின்னால் ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. தேநீர் ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நான் சிஸ்டர் டோலனைப் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு இயல்பில் வராது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மூத்தவவுக்குப் பூரணி எண்டு பேர்" என்றாள் வதனி, திடீரென்று. "ரெண்டு பேரும் வயித்தில இருக்கேக்கையே வைச்ச பேர். ஆரணி, பூரணி. ஒப்பரேசன் செய்த நோவோட என்னைத் தள்ளுவண்டியில கொண்டுவந்து காட்டினவை. அந்தப் பெட்டி ஓட்டையுக்குள்ள கையை விட்டு, பூரணி எண்டு கூப்பிட்டனான். கண்ணை ஒருக்காத் திறந்தவ. அண்டைக்குப் பின்னேரமே போயிட்டா."

தொட்டில் பக்கம் திரும்பினாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டது அவவை மட்டும்தான் மிஸி. இவவை நான் கூப்பிடேல்லை. இவ இருக்கிறா."

அப்படியெல்லாம் இல்லை என்று எவரும் சொல்லிவிடலாம். அவளுடைய கணக்கில் அதற்குச் சாட்சி தொட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது.

"ஒருத்தரும் அவவைப் பற்றிக் கதைக்கிறேல்லை" என்றாள். "ஒண்டாவது மிஞ்சிச்சுதே, கடவுளுக்கு நன்றி சொல்லு எண்டுறாங்கள். இவர் வாயே திறக்கிறேல்லை. அடக்கம் செய்யேக்க நான் கட்டிலில. அவ எப்படி இருந்தவ, ஆர் தூக்கினது, ஆர் உடுப்புப் போட்டது, ஒண்டும் தெரியாது."

அந்தக் காலத்தில் வார்டில் இறந்த குழந்தையைப் பற்றித் தாய் கேட்டாலொழிய நாங்கள் பேசமாட்டோம். பேசினால் புண்ணைக் கிளறுவது என்று அப்போதைய நினைப்பு. அவள் இப்போது கேட்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"நான்தான் வதனி அண்டைக்கு டியூட்டி. நான்தான் அவவைக் குளிப்பாட்டினனான்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"தண்ணி சுடுதண்ணியோ மிஸி? குளிர்ந்த தண்ணியோ?"

"இளஞ்சூடு. முழங்கையால தொட்டுப் பார்த்துத்தான் குளிப்பாட்டினனான்."

"தலைமயிர்?"

"நிறைய. நெத்தி வரைக்கும் இருந்தது. ஈரத்தில சுருண்டிட்டுது. துவட்டிப் போட்டு, மஞ்சள் பின்னல் தொப்பி ஒண்டு போட்டனான். வெள்ளைச் சட்டை. பெரிய சட்டை அவவுக்கு. கையை மடிச்சு விட்டனான்."

வதனி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அழுதாள். சத்தம் போட்டு அழுதாள், ஊரில் அழுவது போல. கீழ்வீட்டுக்காரர் கூரையைப் பார்த்திருப்பார்கள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். குழந்தையை மட்டும்தானே தொடக்கூடாது என்று சிஸ்டர் டோலன் சொல்லியிருந்தார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த முறை போனபோதும் அவள் "ரெண்டாவது" என்றுதான் சொன்னாள். ஆனால் பூரணியைப் பற்றி இரண்டு தரம் கதைத்தாள். பால் நேரம். வதனி கட்டில் விளிம்பில் இருந்து போத்தலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே. குழந்தை அவசரமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது, நெற்றியில் வேர்வை. ஒரு மிடறு வழிமாறிப் போனது. இருமவில்லை. அதுதான் பயங்கரம். வாய் திறந்தபடி நின்றது, உதடு சாம்பல் நிறமாகி நீலமானது.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். என் கை நீண்டுவிட்டது. ஆனால் வதனி என்னைப் பார்க்கவே இல்லை. போத்தலை எறிந்தாள். வார்டில் நாங்கள் பழக்கியபடியே குழந்தையை முன்னால் சரித்து, தாடையைக் கையில் ஏந்தி, முதுகைத் தேய்த்தாள். மறுகையால் மூக்குக் குழாய் விலகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சரிசெய்தாள்.

"ஆரணி! ஆரணி, மூச்சை எடு பிள்ளை! ஆரணி, என்ர அம்மா, என்ர குஞ்சு, எடு மூச்சை!"

பால் வெளியே வந்தது. ஒரு இருமல். பிறகு அழுகை. அந்த அழுகையை எவ்வளவு கேட்டாலும் எனக்கு அலுக்காது. உதட்டுக்கு நிறம் திரும்பியது.

வதனி குழந்தையோடு கட்டிலிலிருந்து வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டாள். அப்போதுதான் தான் செய்தது அவளுக்கு விளங்கியது.

"பேர் சொல்லிப் போட்டன் மிஸி." அவள் முகம் வெளிறியிருந்தது. "சொல்லிப் போட்டனே. இனி?"

நானும் நிலத்தில் இருந்தேன். குழந்தையின் சட்டையை விலக்கச் சொல்லி மூச்சைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. கோபமாகக் கையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தது.

"கொஞ்சம் ஆறட்டும். பிறகு மிச்சப் பாலைக் குடுங்கோ. அவவுக்கு இன்னும் பசி" என்றேன்.

அன்று பின்னேரம் அந்த வீட்டை விட்டு நான் கெதியாக வெளிக்கிடவில்லை. வதனி அவளை மடியை விட்டு இறக்கவும் இல்லை. நித்திரையாகிய குழந்தையிடம் குனிந்து குனிந்து, யாரோ ஒட்டுக்கேட்பது போல மெல்லிய குரலில், அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் மூச்சு போகிறதா என்று பார்த்தாள். போனது.

நடந்ததை டொக்டர் ஹேலுக்குச் சொன்னபோது அவர் நெற்றி வேர்வையைப் பற்றித் திருப்பிக் கேட்டார். "நித்திரையில் அளந்தால் ஒட்சிசன் சரியாக இருக்கிறது. பால் குடிக்கும்போது யாராவது அளந்தோமா?" வார்டில் அளக்கும் இயந்திரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி தந்தார். பெரிய சூட்கேஸ் போன்ற சாமான். நானும் குகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படி ஏற்றினோம். பால் குடிக்கத் தொடங்கியதும் எண் இறங்கியது. குழந்தை குடிப்பதற்கே களைத்துக்கொண்டிருந்தது. குடித்த பாலெல்லாம் அந்தக் களைப்புக்கே போய்க்கொண்டிருந்தது. பால் நேரத்தில் மட்டும் ஒட்சிசனைக் கூட்டினோம். அவசரப்படாமல், நடுவில் ஆறவிட்டு, கொடுக்கச் சொன்னோம். அடுத்த கிளினிக்கில் நிறை ஏறியிருந்தது. டொக்டர் ஹேல் வார்டுக் கதையை எடுக்கவில்லை. வதனியும் எடுக்கவில்லை.

ஏறியதற்குக் காரணம் ஒட்சிசனா, பெயரா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். ஒட்சிசன்தான். ஆனால் மடியில் வைத்து ஆறவிட்டு ஆறவிட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே. சிஸ்டர் டோலனிடம் இதைச் சொன்னேன். "சரி, அப்படியா" என்றார். அந்தத் தொனி நல்ல தொனி.

அடுத்து வந்த பனிக்காலத்தில் ஆரணிக்கு நெஞ்சுச்சளி வந்து ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள். வதனி கட்டிலடியை விட்டு அசையவில்லை. ஒரு புது நர்ஸ் அட்டையைப் பார்த்து ஏதோ வாசிக்க, "அவவின்ர பேர் ஆரணி" என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் திருத்தினாளாம். அந்த நர்ஸ் வந்து எனக்குச் சொன்னாள். வசந்தகாலம் வந்தபோது ஒட்சிசனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். சிலிண்டரை எடுத்துப்போக ஆள் வந்தான். பிளாஸ்திரி இருந்த இடத்தில் இரண்டு கன்னத்திலும் வெளிறிய தழும்பு, கனநாள் இருந்தது. வதனியும் குகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரணியை வைத்த இடத்துக்குப் போய்வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. போய்வந்த பிறகுதான் சொன்னாள். "புல்லு வளர்ந்திட்டுது. இவர் பிடுங்கினவர். நான் கொஞ்ச நேரம் இருந்தனான்" என்றாள். அவ்வளவுதான்.

குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயதுக் கணக்கு வைப்போம். பிறந்த நாளிலிருந்து ஒன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மற்றது. தவழ்வதையும் நடப்பதையும் இரண்டாவது கணக்கில்தான் பார்ப்போம். அந்தக் கணக்கிலும் ஆரணி பிந்தித்தான் நின்றாள். நிற்கும்போது இடது குதிகால் நிலத்தில் படவில்லை. நோயின் பெயரைச் சொல்வது டொக்டரின் வேலை, எங்களுடையதல்ல. கண்ணால் காண்பதைச் சொல்லலாம். இரண்டு நாள் சொற்களைத் தேடிவிட்டு, "வதனி, ஆரணியின்ர இடது கால் கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு, டொக்டர் ஒருக்காப் பார்க்கோணும்" என்றேன்.

"ஓம் மிஸி. போன மாதமே எனக்குத் தெரியும்" என்றாள். "சப்பாத்தைக் கழட்டினால் இன்னும் தெரியுது. காலமையில இறுக்கம் கூட. குளிச்சாப் பிறகு குறையுது. நீங்கள் எப்ப சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

காலுக்குப் பட்டை போட்டார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடியும் போட வேண்டி வந்தது. இன்றைக்கும் ஆரணி களைத்துப்போனால் இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். பள்ளிக்கூடத்தில் அதற்காக அழுததும் உண்டு, அதற்காகச் சண்டை பிடித்ததும் உண்டு. படித்து, வேலைக்குப் போய், தன் வழியில் இருக்கிறாள். சிஸ்டர் டோலன் தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வுபெற்று அயர்லாந்துக்குப் போனார். அங்கேயே காலமானார்.

அந்த வீட்டுக்கு நான் கடைசியாகப் போன நாட்களில் ஒன்று நினைவில் இருக்கிறது. ஆரணி அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். என்னுடைய வருகைகள் முடியும் தறுவாய். நிறையும் உயரமும் எடுத்து, கடைசிக் கிளினிக்குக்கு எழுத வேண்டும். தராசையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி மணியை அடித்தேன்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. வதனி தலையை மட்டும் வெளியே நீட்டினாள். உதட்டில் விரல்.

"மெல்லக் கதையுங்கோ மிஸி. ராத்திரி முழுக்கச் சளி, நித்திரையே இல்லை. இப்பதான் கண்ணயர்ந்தவ."

"மூச்சு எப்படி? நான் வந்து ஒருக்காப் பார்த்திட்டு..."

"பார்த்தனான். பள்ளம் விழேல்லை. நிறமும் நல்லாக் கிடக்கு. வெறும் சளிதான்." என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "இப்ப எழுப்பேலாது மிஸி. நாளைக்கு வாங்கோவன்."

"இல்லை வதனி, கிளினிக்குக்கு இண்டைக்கு..."

"நாளைக்கு வாங்கோ" என்றாள், சிரித்தபடி.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். உள்ளே சங்கிலி போடுவது கேட்டது. அதற்குப் பிறகு அவள் காலடி, பின்னறையை நோக்கி, கெதியாக.

எத்தனையோ வீடுகள் எனக்குக் கதவு திறந்திருக்கின்றன. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.